பாபிலோனுக்குப் போன கடிதம்

கத்தரியை நான்கு தடவை எடுத்து நான்கு தடவையும் கீழே வைத்துவிட்டேன், மணி மூன்றாகப் போகிறது, இன்னும் ஒரு தாள்கூட வெட்டியபாடில்லை. ரோஸ் நிற அட்டைத்தாள், தாளுக்குப் பன்னிரண்டு வசனம், முப்பது தாள், முந்நூற்று அறுபது வாக்குத்தத்தம். புதுவருஷ ஆராதனை முடிந்ததும் பீடத்துக்கு முன்னால் வெள்ளித் தட்டில் இவற்றைக் குவித்து வைப்பார்கள். சபையார் வரிசையில் வந்து கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொன்று எடுப்பார்கள், அதுதான் அந்த வருஷத்துக்குக் கர்த்தர் அவருக்குத் தருகிற வாக்கு, எடுத்ததும் பக்கத்தில் இருப்பவர் அட்டையை எட்டிப் பார்ப்பார்கள், அடுத்தவருக்கு வந்த வசனம் எப்போதுமே கொஞ்சம் கூடுதலாக இனிக்கும். பதினோரு வருஷமாக வசனம் பொறுக்குவதும் வெட்டுவதும் கெத்சியாள் வேலை, அதாவது என் வேலை. இனிக்கிற வசனமாகத்தான் பொறுக்குவேன். கர்த்தர் கோபப்பட்ட இடம், பட்டணம் எரிந்த இடம், இதெல்லாம் அட்டைக்கு ஆகாது. ஒரே ஒரு வருஷம் தப்பிவிட்டது. எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசில் பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுத்த வசனத்தை நான் எழுதிக்கொடுக்க, தட்டச்சுக்காரப் பெண் நாலு வசனம் முன்னால் போய், வீட்டு விவகாரத்தை எல்லாம் முடித்துக்கொள், நீ பிழைக்க மாட்டாய் என்கிற இடத்தை அடித்துவைத்தாள். அது போயும் போயும் பால்தாசன் பெரியவர் கைக்குப் போயிற்று. அந்த வாரமே மனிதர் உயிலைப் பதிவு செய்துவிட்டார். இன்றைக்கும் சைக்கிளில்தான் கோயிலுக்கு வருகிறார், என்னைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். நாலு வரி முன்னே பின்னே போனால் ஒருவனுக்குச் சாவும் ஆயுசும் இடம் மாறுகிறதே, அப்படியானால் மற்ற முந்நூற்று ஐம்பத்தொன்பது அட்டையில் நான் எதை எங்கே வெட்டினேன் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

கட்டிலில் இவர் கண்ணை மூடியிருக்கிறார், தூங்கவில்லை. தூங்கினால் வாய் லேசாகக் கோணும், இப்போது கோணவில்லை. தனசிங் சார் என்றால் இந்தப் பாளையங்கோட்டையில் பாதிப் பேர் தோப்புக்கரணம் போட்டவர்கள், முப்பது வருஷ டிரில் மாஸ்டர், விசில் இல்லாமலே தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரல். நாலு வருஷத்துக்கு முன் ஒரு அக்டோபர் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே வாஷ்பேசினில் சாய்ந்தார், வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே நாளில் போயிற்று. நான் அஞ்சலகத்தில் விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அந்தப் புதுவருஷம் தட்டில் கையை விட்டபோது எனக்கு வந்த அட்டை அதோ, இவர் தலைமாட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. எரேமியா இருபத்தொன்பது, பதினொன்று. உங்களைக் குறித்து எனக்கிருக்கிற எண்ணம் கேடு செய்கிற எண்ணம் இல்லை, நலமான எண்ணம், நீங்கள் எதிர்பார்க்கிற முடிவைத் தருவேன் என்று வருகிற வசனம். வாங்கிய இடத்திலேயே முழங்கால் போட்டு அழுதேன். எதிர்பார்க்கிற முடிவு என்றால் எனக்கு ஒன்றே ஒன்றுதான், இவர் எழுந்து நடக்க வேண்டும். கர்த்தரே கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். சனங்களுக்குப் பிடிக்கும் என்று அந்த வசனத்தைத் தாளுக்கு மூன்று தடவை போடச் சொன்னவளே நான்தான். முந்நூற்று அறுபதில் தொண்ணூறு அட்டை அதே வசனம். நாலில் ஒன்று அதுதான், எனக்கு வந்ததில் என்ன அதிசயம். இதை நான் போன சனிக்கிழமைதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

சனிக்கிழமை. அதுதான் கத்தரியைப் பிடித்து இழுக்கிறது. ஞாயிறு பள்ளி அறையில், சிறு பிள்ளைகள் உட்காருகிற குட்டை பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க ஒன்பது பெண்கள். வேதத்தை அதனதன் காலத்தில் வைத்து வாசிப்பது எப்படி என்று ஆறு வார வகுப்பு. சொல்லிக்கொடுக்கிறவள் ரெனிட்டா, முப்பது வயதுகூட இருக்காது, சடை போடாமல் கிளிப் குத்தியிருக்கிறாள், இவள் என்ன நமக்குப் புதிதாகச் சொல்லப்போகிறாள் என்றுதான் முதல் வாரம் போனேன். மூன்றே கேள்விதான் அவளுக்கு. யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது. எந்த வசனத்தைத் தொட்டாலும் இந்த மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், செருப்பைக் கழற்றுகிற மாதிரி. சனிக்கிழமை என்னைப் பார்த்து, "அம்மா, ஒங்களுக்கு மனப்பாடமான ஒரு வசனம் சொல்லுங்க" என்றாள். நான் சுவரில் இருக்கிறதைச் சொன்னேன். "சரி, இப்ப அந்த அதிகாரத்த மொத வரியில இருந்து சத்தமா வாசிங்க." வாசித்தேன். அறுபத்திரண்டு வயதில், ஞானஸ்நானம் வாங்கினதிலிருந்து கையில் வேதத்தோடு அலைகிறவள், அந்த அதிகாரத்தை முதல் வரியிலிருந்து வாசித்தது அன்றைக்குத்தான். முதல் வரியிலேயே நாக்கு நின்றுவிட்டது. அது கடிதம். எருசலேமிலிருந்து எரேமியா பாபிலோனுக்கு அனுப்பின கடிதம். யார் கையில் கொடுத்தனுப்பினான் என்று இரண்டு பேர் பெயர்கூட இருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் தபால் பிரித்தவள் நான், விலாசம் பார்க்காமல் ஒரு போஸ்ட்கார்டை எடுத்து வைத்தவள் இல்லை. இதற்கு மட்டும் நாலு வருஷமாக விலாசமே பார்க்கவில்லை.

விலாசதாரர்கள் சிறைபட்டுப் போனவர்கள். ஊர் போயிற்று, கோயில் பாத்திரங்கள் போயின, கால்நடையாய் மாதக்கணக்கில் நடத்திக் கொண்டுபோய்ப் பாபிலோன் ராஜா குடிவைத்திருக்கிறான். அவர்களுக்கு நடுவில் சில தீர்க்கதரிசிகள் இருந்து, இதோ வந்துவிட்டது விடுதலை, மூட்டையை அவிழ்க்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன், இரண்டே வருஷம், எல்லாம் திரும்பிவிடும் என்று கோயிலில் நின்று சத்தியம் பண்ணுகிறான். எனக்கு அவனைப் பிடித்திருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும், நான் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் அவனுக்குத்தான் அல்லேலூயா போட்டிருப்பேன். அப்போது வருகிறது கடிதம். கடிதம் என்ன சொல்கிறது? வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டம் போடுங்கள், அதில் காய்ப்பதைச் சாப்பிடுங்கள். பிள்ளை பெறுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள். உங்களைச் சிறைபிடித்த அந்த ஊருக்காகவே ஜெபம் பண்ணுங்கள், அதற்குச் சமாதானம் இருந்தால்தான் உங்களுக்கும் சமாதானம். சீக்கிரம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள், நான் அவர்களை அனுப்பவில்லை. எழுபது வருஷம் ஆகும். எழுபது! அதற்குப் பிறகுதான், அந்த எழுபதின் வாலில்தான், என் சுவர் வசனம் வருகிறது. நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். எழுபது வருஷம் என்றால் அந்தக் கடிதம் வாசிக்கக் கேட்ட நாற்பது வயதுக்காரி ஊருக்குத் திரும்பவே இல்லை. அவள் பாபிலோனில்தான் செத்தாள். அவளிடம் போய், உன்னைக் குறித்து எனக்கு நல்ல எண்ணம் இருக்கிறது என்கிறார் கர்த்தர்.

"அப்போ இது எனக்கில்லையா டீச்சர்?" என்று கேட்டுவிட்டேன். குட்டை பெஞ்சில் மற்ற எல்லாரும் குனிந்துகொண்டார்கள். எல்லாருக்கும் தெரியும் என் வீட்டுச் சுவர். ரெனிட்டா அவசரப்படவில்லை. "ஒங்களுக்கு எழுதினதில்லம்மா. ஆனா ஒங்களையும் வாசிக்க விட்டுருக்காரு." முப்பத்திரண்டு வருஷம் அஞ்சலகத்தில் இருந்தவளிடம் பேசுகிற பேச்சா இது, அடுத்தவர் கடிதத்தை உடைத்து வாசித்தால் எங்களுக்கு வேலை போய்விடும் என்று சொல்லிச் சமாளித்தேன், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வீட்டுக்கு வருகிற வழியில் முருகன்குறிச்சித் திருப்பத்தில் நின்று அழுதேன். கோபமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. நாலு வருஷமாகக் காலூன்றி நின்ற பலகை இன்னொருவர் வீட்டுப் பலகை என்றால், அதை எடுத்துவிட்டால் நான் எதில் நிற்பேன்? ஆனால் அழுது முடித்து மூக்கைத் துடைத்தபோது இன்னொன்றும் இருந்தது, அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. இரண்டு பேர் ஒரு சுருளைத் துணியில் சுற்றிக்கொண்டு அத்தனை தூரம் போனார்களே. வனாந்தரம், ஆறு, காவல், வழியில் எங்கே படுத்தார்களோ. அதைக் கொண்டுசேர்த்து, ஒருவன் அவிழ்த்து, கூட்டத்துக்கு நடுவில் வாசிக்க, அந்த நாற்பது வயதுக்காரி நிஜமாகவே போய் ஒரு விதையை ஊன்றியிருக்கிறாள். அதற்கு எப்பேர்ப்பட்ட தைரியம் வேண்டும்! நடுகிற கையும் அழுதிருக்கும். இரண்டாயிரத்து அறுநூறு வருஷம் தாண்டி, அந்த மண் வாசனை ஞாயிறு பள்ளி அறைக்கு வந்துவிட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்போது நினைத்தாலும் கூச்செறிகிறது, இதோ, கையைப் பாருங்கள் என்று காட்டத்தான் யாருமில்லை.

மூன்றேகால். ஒரு தாளை எடுத்து நீளவாக்கில் ஒரு வெட்டு வெட்டினேன். அட்டை இரண்டாய்ப் பிரிந்தது, வசனத்துக்கு மேலே ஒரு வரி இல்லை, கீழேயும் ஒரு வரி இல்லை, சுற்றிலும் ரோஸ் நிறம். இவர் கண்ணைத் திறந்து கத்தரிச் சத்தம் வந்த பக்கம் பார்த்தார். "ஒண்ணுமில்லீங்க, அட்டை வெட்டுதேன்" என்றேன். பார்வையை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார். வாசல் கதவு மூடியிருக்கிறது, அது எப்போதுமே மூடித்தான் இருக்கும். டிரில் மாஸ்டரை இந்தக் கோலத்தில் தெருவில் போகிற பிள்ளைகள் பார்க்கக் கூடாது, எழுந்து நடக்கிற அன்றைக்குத் திறந்துகொள்ளலாம் என்று நான் எடுத்த முடிவு. கட்டிலுக்கு அடியில் சக்கர நாற்காலி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் மடக்கியபடி. கொழுந்தன் ஆசீர் வாங்கிவந்தது. அதோடு நிற்காமல் ஒரு கொத்தனாரையும் கூட்டி வந்துவிட்டான். "மதினி, வாசப்படி மூணையும் ஒடச்சிட்டுச் சாய்வாப் போட்டுருவோம். அண்ணன சாயங்காலம் செத்த நேரம் வெளிய வச்சா நல்லாருக்கும்லா. பின்னால பாத்ரூமையும் அகலமாக்கிருவோம், ரெண்டு நாள் வேல." நான் அந்தக் கொத்தனாருக்குக் காப்பிகூடக் கொடுக்கவில்லை. "எந்திச்சு நடக்கப்போற ஆளுக்கு எதுக்கு சாய்வு? படிய ஒடச்சா நாம வாக்குத்தத்தத்த நம்பலன்னு ஆயிரும், தெரியுமா?" ஆசீர் சுவரைப் பார்த்தான், சட்டத்தைப் பார்த்தான், பிறகு மெதுவாக, "அண்ணன்ட்ட கேட்டீங்களா மதினி?" என்றான். பேச முடியாதவரிடம் என்ன கேட்பது என்று எரிந்து விழுந்தேன். அது நடந்து மூன்று வருஷமாகிறது, அவன் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒவ்வொரு புதுவருஷமும் நான்தான் இவர் காதில் சொல்வேன், இந்த வருஷம் எந்திச்சிருவீங்க. முதல் வருஷம் தலையாட்டினார். இரண்டாம் வருஷம் என் கையைப் பிடித்துக்கொண்டார். போன வருஷம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார், நான் அதை அயர்ச்சி என்று நினைத்தேன். அடி கெத்சியாள், மூட்டையை அவிழ்க்காதீர்கள் என்று இந்த வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது யார்? பிளாஸ்டிக் உறைகூட அவிழவில்லையே.

ஆனால் அந்தக் கை இருக்கிறது. அதை நினைத்துத்தான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். இவருடைய இடது கை. சாயங்காலம் நான் அடுக்களையிலிருந்து காப்பியோடு வரும்போது அந்தக் கை உயர்ந்திருக்கும், முழங்கை நிமிர்ந்து, உள்ளங்கை விரிந்து. வாய் பேசாதவர் கையை உயர்த்தி ஸ்தோத்திரம் பண்ணுகிறார்! முதல் தடவை பார்த்தபோது காப்பித் தம்ளரோடு நானும் ஒரு கையை உயர்த்தினேன். பெண்கள் ஐக்கியத்தில் எழுந்து சாட்சி சொன்னேன், எத்தனை பேர் கண்ணைத் துடைத்தார்கள். அது வாக்குத்தத்தத்தை இவரும் பிடித்துக்கொண்டதற்கு அடையாளம். நான் மட்டும் தனியாக நம்பவில்லை, இரண்டு பேர் ஒருமனப்பட்டு நம்புகிறோம். கடிதம் பாபிலோன்காரருக்கு என்றாலும் இந்தக் கை எனக்கு உள்ளதுதானே, இதை ரெனிட்டா என்ன, யார் வந்தாலும் பிடுங்க முடியாது. இன்றைக்கும் பார்க்கத்தான் போகிறேன். இன்றைக்கு அடுக்களையில் இல்லை, காப்பி கொஞ்சம் தாமதமானால் ஆகட்டும், அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாம் தாளை எடுத்தேன். வெட்டவில்லை.

நாலு மணி. பின் தெருவில் பள்ளிக்கூட மணி அடித்தது. நாலு வருஷமாக அந்த மணி அடித்துக்கொண்டுதான் இருக்கிறது, அடுக்களையில் மிக்ஸி ஓடும், குக்கர் சத்தம் போடும், நான் அதைக் கேட்டதாகவே ஞாபகமில்லை. மணி அடித்ததும் இவர் தலை தலையணையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பியது. கண் விரிந்தது, படுத்துக் கிடக்கிறவர் கண் மாதிரி இல்லை. தூரத்தில் பிள்ளைகளின் இரைச்சல், ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பேசுகிற அந்த இரைச்சல். பிறகு மெயின் ரோட்டில் ஒரு பஸ் ஹாரன். கை உயர்ந்தது. மணி, இரைச்சல், ஹாரன், கை. உள்ளங்கை மேலே கூரையைப் பார்க்கவில்லை, முன்னால் பார்த்தது, வாசல் பக்கம், ஹாரன் வந்த பக்கம். இன்னொரு ஹாரன், கை இன்னும் விறைத்தது. யார், யாருக்கு, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது. ஐயோ. அந்தப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் இவருக்கு கேட் டியூட்டி. நாலு மணிக்கு ரோட்டின் நடுவில் போய் நின்று வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைக் கடத்திவிடுகிற வேலை. நான் அதை ஒரு நாளும் பார்த்ததில்லை, அந்த நேரம் நான் அஞ்சலகத்தில் முத்திரை குத்திக்கொண்டிருப்பேன். ஒரு தடவை சாப்பிடும்போது சொல்லியிருக்கிறார், "பஸ்ஸ நிறுத்துறது லேசு கெத்சி, கைய எறக்காம நிக்கதுதான் பாடு. கடைசிப் பிள்ள கடக்கந்தண்டியும் எறக்கக் கூடாது." ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்று நான் பதில் சொன்னதாக ஞாபகம். ஞாயிற்றுக்கிழமை இந்தக் கை உயர்ந்ததில்லை. கிறிஸ்துமஸ் லீவில் உயர்ந்ததில்லை, மே மாதம் முழுக்க உயர்ந்ததில்லை, நாலு மே மாதம் என் கண் முன்னால் போயிருக்கிறது. ஆராதனை நாளில் உயராத கை எப்படியம்மா ஸ்தோத்திரக் கை ஆகும்?

கத்தரி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தேன். "ஏங்க. பிள்ளைய ரோட்ட கடக்குதுவளா?" என்று கேட்டேன். இவர் என்னைப் பார்த்தார். நாலு வருஷத்தில் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது, தலை ஆடியது, ஆமாம், ஆமாம், ஆமாம், மூன்று தடவை, கை மட்டும் இறங்கவில்லை. எனக்குப் பயமே வந்துவிட்டது, சந்தோஷத்தில் வருகிற பயம், கர்த்தர் இறங்கினபோது சீனாய் மலையடிவாரத்தில் நின்றவர்களுக்கு வந்திருக்குமே அது. இத்தனை நாள் இந்த மனிதர் எனக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் ஆயிரம் பிள்ளைகளைச் சாகாமல் கரைசேர்த்துக்கொண்டு இருந்திருக்கிறார், அதற்கு நான் அல்லேலூயா சொல்லிவிட்டுக் காப்பி ஊற்றியிருக்கிறேன். நான் சொன்ன சாட்சி பொய். ஆனால் நிஜம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது, நான் என்ன செய்ய! சனிக்கிழமை முருகன்குறிச்சித் திருப்பத்தில் எனக்குள் பெயர் தெரியாமல் ஒன்று நின்றதே, அது இதுதான்.

உறையைப் பல்லால் கிழித்தேன். நாற்காலியை விரிப்பதற்குள் விரல் நசுங்கியது. இவரைத் தூக்கி உட்காரவைக்க எனக்கு எங்கிருந்து பலம் வந்தது என்று கேட்காதீர்கள், தினமும் புரட்டிப் போடுகிற கைதான். தாழ்ப்பாளை நீக்கி வாசல் கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்தேன். வெயில் ஹாலுக்குள் பாதி தூரம் வந்து விழுந்தது. நிலைப்படி வரைக்கும் தள்ள முடிந்தது, அதற்குக் கீழே மூன்று படி, நான் காப்பாற்றி வைத்த மூன்று படி. தெரு நிறையப் பிள்ளைகள், சைக்கிள்கள், பைகள். ஒருத்தி முதலில் பார்த்தாள், பெரிய வகுப்புப் பிள்ளை, இரட்டைச் சடை. "ஏட்டி, தனசிங் சார்ட்டி!" இரைச்சல் அப்படியே அடங்கியது. தெருமுனையில் ஒரு ஷேர் ஆட்டோ வேகமாகத் திரும்பியது. இவர் கையை உயர்த்தினார். ஓட்டுகிறவன் யாரோ, நிச்சயம் இவரிடம் தோப்புக்கரணம் போட்டவனாகத்தான் இருக்க வேண்டும், மூன்று படி உயரத்தில் ஒரு நாற்காலியில் அந்தக் கையைக் கண்டதும் சடாரென்று பிரேக்கை மிதித்து நின்றான். பிள்ளைகள் கடந்தார்கள்.

ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆசீருக்குப் போன் போட்டேன். "தம்பி, அந்தக் கொத்தனாரு இப்பவும் இருக்காரா?" அவனுக்குப் புரியவில்லை, "எதுக்கு மதினி, என்னாச்சு?" என்று பதறினான். "படிய ஒடைக்கணும். பின்னால பாத்ரூமும். சாய்வு தெருவு வரைக்கும் வரணும், வாசலோட நின்னுரக் கூடாது." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அண்ணன்ட்ட கேட்டீங்களா?" என்றான் பழையபடி. "கேட்டேன்" என்றேன். அட்டைகள் மேசையில் கிடக்கின்றன, காற்றுக்கு இரண்டு மூன்று பறந்திருக்கும், இந்த வருஷம் ஒரு முழு அதிகாரமாக அச்சடித்து வீட்டுக்கு ஒன்று கொடுக்கலாம், சபை நடத்துகிற ஐயர் என்ன சொல்வாரோ சொல்லட்டும். வீடு கட்டிக் குடியிருங்கள் என்று இருக்கிறது. பாபிலோன்காரருக்குத்தான் எழுதியிருக்கிறது. தெரு காலியாகிக்கொண்டு வந்தது. ஆட்டோக்காரன் இஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றான். கடைசியாக ஒரு குட்டிப் பெண், ஷூ லேஸ் அவிழ்ந்து, தண்ணீர் பாட்டில் தரையில் இழுபட, எந்த அவசரமும் இல்லாத நடையில் வந்தாள். நடுத்தெருவில் நின்று குனிந்து லேஸைக் கட்ட ஆரம்பித்தாள். இவர் கை நடுங்கியது, தோள் வரைக்கும் நடுங்கியது. நான் தாங்கிப் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தலையை அசைத்தார். அவள் முடிச்சுப் போட்டு, அது சரியில்லை என்று அவிழ்த்து, மறுபடி போட்டு, எழுந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள். அப்புறம்தான் கையை இறக்கினார்.